ஏறி இறங்காத அழுத்தம்

1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயைச் சேர்த்துச் செங்குத்தாகப் பிடித்திருக்கிறார். படிக்கவே சங்கடமான காட்சி. ரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. உச்சிக்குப் போன பிறகும் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் எழும்பித் தாழ்ந்துகொண்டே இருந்தது.

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஹேல்ஸ்தான். அளக்கத் தொடங்கிய காலத்திலேயே அது ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தைப் பிற்பாடு இரண்டு எண்களாகச் சுருக்கிக்கொண்டோம்: 120/80. கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேல் எண், கீழ் எண் இரண்டும் மனப்பாடம். நடுவே உள்ள 40 என்ற இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த 40 சுருங்கிப் பத்து, இருபது என்று ஆகிவிட்ட மனிதர்கள் இன்று உலகில் ஆயிரக்கணக்கில் நடமாடுகிறார்கள். அவர்களுடைய நரம்புகள் இதை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்ற கேள்வி சில மாதங்களாகவே என்னை விடவில்லை.

*

இதயத்தின் இடது கீழறை தளர்ந்துபோய், மருந்துக்கும் கட்டுப்படாத நிலை வந்தால், அதன் நுனியில் துளையிட்டு ஒரு பம்பைப் பொருத்துகிறார்கள். டாக்டர்கள் அதை எல்வேட் என்பார்கள். கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்குள் தள்ளுவது அதன் வேலை. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் ஒரு கம்பி, இடுப்பில் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பேட்டரிகளுக்கும் போகிறது. இரவில் சுவர் பிளக்.

முதலில் வந்த பம்புகள் இதயத்தைப் போலவே நிரம்பி, பிதுக்கி, நிரம்பி, பிதுக்கி வேலை செய்தன. 2001இல் வெளியான 'ரீமேட்ச்' ஆய்வு அப்படிப்பட்ட பம்பை வைத்து நடந்தது. 129 நோயாளிகள். பம்பு பொருத்தியவர்களில் 52 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 விழுக்காடு. ஆனால் பிதுக்கும் பம்பு பெரியது, சத்தம் போடுவது, சீக்கிரம் தேய்வது. அடுத்து வந்த ஹார்ட்மேட் 2 சுழலும் பம்பு. உள்ளே நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு அக்கம்பக்கமாகச் சுழலும் ஒரு சிறு திருகு, அவ்வளவுதான். 2009இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, முடக்கிப்போடும் பக்கவாதம் இல்லாமல், பம்பை மாற்றவோ பழுதுபார்க்கவோ மறு அறுவை தேவைப்படாமல் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் சுழலும் பம்பில் 46 விழுக்காடு, பிதுக்கும் பம்பில் 11. அதோடு விவாதம் முடிந்துவிட்டது. துடிப்பு தோற்றது.

ஏற்றம் இறைத்த காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பம்புசெட் வந்த பிறகு ஒரே சீராக வருகிறது. பயிருக்கு இரண்டும் ஒன்றுதான். பொறியாளர்களின் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்றால் ஐந்து லிட்டர். பெரும்பாலும் அவர்கள் கணக்கு சரி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிறுநீரகம் சிறுநீரைப் பிரிக்கிறது, மூளை யோசிக்கிறது, மூச்சிரைத்துப் படுக்கையில் கிடந்தவர் எழுந்து காய்கறி வாங்கப் போகிறார். இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வாய்க்கால் கரையில் நரம்பு இல்லை. தமனியின் சுவரில் இருக்கிறது.

*

தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சுவர் கொஞ்சம் மெலிந்து, லேசாகப் புடைத்திருக்கும். அந்தச் சுவருக்குள் நரம்பு நுனிகள் பரவியிருக்கின்றன. பெருந்தமனியின் வளைவிலும் அப்படியே. இவற்றை அழுத்த உணரிகள் என்று பாடநூல் சொல்கிறது. உண்மையில் அவற்றுக்கு அழுத்தம் தெரியாது. சுவர் இழுபடுவது மட்டுமே தெரியும். ரத்தம் மோதும்போது சுவர் விரிகிறது, நுனிகள் இழுபடுகின்றன, மின்துடிப்புகள் மளமளவென்று மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குப் போகின்றன.

முகுளத்தில் நடப்பதுதான் எனக்கு வியப்பு. ரத்தக் குழாய்களை இறுக்கச் சொல்லும் பரிவு நரம்புகள் எப்போதும் முடுக்கிவிடப்பட்ட நிலையில்தான் இருக்கின்றன. அவற்றை இழுத்துப் பிடித்து அடக்குவது கழுத்திலிருந்து வரும் செய்தி. செய்தி அதிகமாக வந்தால் பரிவு நரம்புகள் அடங்கும், வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். செய்தி குறைந்தால் பிடி தளரும், குழாய்கள் இறுகும், இதயம் வேகமெடுக்கும். நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. அப்போது தலை சுற்றாமல் இருப்பது இந்த ஏற்பாட்டின் தயவில். ஆக, கழுத்திலிருந்து வரும் மௌனத்தை உடம்பு ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது.

*

அழுத்தத்தின் சராசரி ஒன்று, அது மாறும் வேகம் இன்னொன்று. இந்த நரம்பு நுனிகள் இரண்டையும் கவனிக்கின்றன, இரண்டாவதை ரொம்பவே கவனிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் எகிறும் அந்தக் கணத்தில்தான் அவை கொத்தாகச் சுடுகின்றன.

1952இல் ஈட், கிரீன், நீல் என்ற மூவர் பூனைகளில் செய்த சோதனை இதற்குப் பழைய சாட்சி. கழுத்துத் தமனியின் அந்தப் புடைப்புக்குள் துடிப்போடு போய்க்கொண்டிருந்த ரத்தத்தைச் சீரான ஓட்டமாக மாற்றினார்கள், சராசரி அழுத்தத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு. நரம்பின் செய்தி குறைந்தது. அழுத்தம் விழுந்துவிட்டது என்று உடம்பு முடிவுகட்டியதைப் போல, மற்ற இடங்களில் குழாய்கள் இறுகி ரத்த அழுத்தம் ஏறியது. எண் ஒன்றே. கேட்ட காதுக்கு அது வேறு செய்தி.

இந்த இழுவையை உணரும் புரதங்கள் பீசோ1, பீசோ2 என்பது 2018இல் எலிகளில் நிறுவப்பட்டது. இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இன் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பீசோ2இன் ஒரு குணம் இங்கே முக்கியம். தள்ளினால் திறக்கும், தள்ளிக்கொண்டே இருந்தாலும் சில மில்லிநொடிகளில் மூடிக்கொள்ளும். மாறாத ஒன்றின் மேல் அதற்கு அக்கறை கிடையாது.

120/80 உள்ளவரின் சராசரி அழுத்தம் சுமார் 93. சுழலும் பம்போடு இருக்கும் ஒருவருக்கும் அதே 93 இருக்கலாம், 98க்கும் 90க்கும் இடையே லேசாக அலைந்தபடி. நோயாளியின் அட்டையில் இருவருக்கும் ஒரே எண்.

*

எல்வேட் நோயாளிக்கு பி.பி. பார்ப்பது ஒரு தனி வேலை. வழக்கமான தானியங்கி மெஷின் பலமுறை காற்றை ஏற்றி இறக்கி, கடைசியில் 'எரர்' காட்டும். அது அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. பட்டைக்குள் வரும் துடிப்பின் அதிர்வைத் தேடுகிறது, அதிர்வு இல்லையென்றால் கையை விரித்துவிடுகிறது. ஆகவே நர்ஸ் முழங்கை மடிப்பில் கொஞ்சம் ஜெல் தடவி, பேனா அளவுள்ள டாப்ளர் கருவியைச் சாய்த்துப் பிடித்துத் தமனியைத் தேடுகிறார். நமக்கெல்லாம் அதில் 'ஷூப், ஷூப்' என்று கேட்கும். இவர்களிடம் குழாயில் காற்று போவதைப் போல ஒரே 'ஷ்ஷ்ஷ்'. பட்டையில் காற்றேற்றினால் அந்த ஓசை நிற்கும். மெல்ல இறக்கும்போது மறுபடி எந்த எண்ணில் தொடங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்கிறார். துடிப்பு மிகக் குறைவாக உள்ளவருக்கு அந்த எண் சராசரி அழுத்தத்தை ஒட்டியிருக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இவர்களிடம் தடுமாறுகிறது. அதுவும் துடிப்பில் மாறும் ஒளியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாத, பித்த, கபம் சொல்லும் சித்த வைத்தியரின் விரலுக்கும் அதே கதிதான். யோசித்துப் பார்த்தால், நாம் செய்த கருவிகளும் பழக்கிய விரல்களும் கழுத்துத் தமனி நரம்பின் அதே சாய்வோடு இருக்கின்றன. ஆடுவதைத்தான் எல்லாருக்கும் கேட்கத் தெரிகிறது.

மயங்கிக் கிடக்கும் எல்வேட் நோயாளியிடம் நாடி பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்று அவசர சிகிச்சைக்காரர்களுக்குத் தனியே சொல்லிக்கொடுக்கிறார்கள். மார்பில் ஸ்டெத் வைத்து மோட்டார் ரீங்காரத்தைக் கேட்க வேண்டும்.

*

பூனையில் நடந்தது மனிதரில் நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஸ்வீடனின் உப்சாலாவில் 1960களில் ஹாக்பார்த், வால்போ இருவரும் உருவாக்கியது. தங்கள் நரம்பிலேயே குத்திப் பழகியவர்கள் அவர்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு நரம்பு தோலுக்கு அருகிலேயே ஓடுகிறது. மயிரிழை போன்ற டங்ஸ்டன் ஊசியை அதற்குள் செருகி, பரிவு நரம்பிழை கிடைக்கும்வரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் ஒலிபெருக்கியில் சரக் சரக்கென்று கொத்துக் கொத்தாக ஓசை. ஆரோக்கியமானவரிடம் அந்தக் கொத்துகள் இதயத்துடிப்போடு இணைந்து வரும். அழுத்தம் இறங்கும் இடைவெளியில் வெடித்து, ஏறும்போது அடங்கும். இதயத்துடிப்புக்கும் காலில் கேட்கும் ஓசைக்கும் சுமார் 1.3 நொடித் தாமதம். கழுத்திலிருந்து முகுளம் போய், முதுகுத்தண்டு இறங்கி, காலுக்கு வந்து சேர அவ்வளவு நேரம்.

அமெரிக்காவின் டாலஸில் ஒரு குழு இந்த ஊசியை எல்வேட் நோயாளிகளிடம் பயன்படுத்தி, அவர்களைச் சாய்மேசையில் கட்டி நிமிர்த்திப் பார்த்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வின் அழகு, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்பதில் இருக்கிறது. இதயம் செயலிழந்தவர்களுக்குப் பரிவு நரம்பு ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டுதான் இருக்கும். ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் பழி நோய்க்கா பம்புக்கா என்று தெரிந்திருக்காது. அவர்கள் பிதுக்கும் பம்பு பொருத்தியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நோய் ஒன்று, அறுவை ஒன்று, வேறுபாடு துடிப்பில் மட்டும். சுழலும் பம்புக்காரர்களின் நரம்புக் கொத்துகள் மற்ற இரு தரப்பையும்விடத் தெளிவாக அதிகம்.

2015இல் அதே நகரத்திலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. இம்முறை ஒவ்வொரு நோயாளியிடமும் பம்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தார்கள். வேகத்தைக் குறைத்தால் கீழறையில் ரத்தம் சற்றுத் தேங்கும், தளர்ந்த இதயம் தன் பங்குக்குக் கொஞ்சம் பிதுக்கும், துடிப்பு எட்டிப்பார்க்கும். அப்படித் துடிப்பு திரும்பியபோது பரிவு நரம்பு தணிந்தது.

*

இதை மட்டும் படித்துவிட்டு, துடிப்பில்லாத உடம்பு ஓயாத பதற்றத்தில் இருக்கிறது என்று எழுதிவிடலாம். எழுதினால் வாசகருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் தயக்கம் உண்டு.

ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து 2012இல் வந்த ஆய்வு அதே ஊசியோடு அதே வகை நோயாளிகளைப் பார்த்தது. மிகச் சிறிய துடிப்பு மட்டுமே மிஞ்சியிருந்தவர்களிடமும் கழுத்து நரம்பின் அடக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். சில மில்லிமீட்டர் பாதரச அளவு அலைவு போதும், முகுளத்துக்குச் செய்தி போய்விடுகிறது. இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்தால் சற்று உரசத்தான் செய்கிறது. இரண்டிலும் நோயாளிகள் சிலரே. பம்பின் வேகம், மிஞ்சிய துடிப்பு, சாப்பிடும் மருந்து எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. துடிப்பு இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலை கிடையாது. இடையில் எத்தனையோ படிகள் என்று எடுத்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இந்த உணரிகள் பழகியும் கொள்கின்றன. உயர் ரத்த அழுத்தம் நீடித்தால் அதையே இயல்பு என்று அவை ஏற்றுக்கொள்வதை 1956இல் மக்கபின், கிரீன், பேஜ் நாய்களில் காட்டினார்கள். ஊரிலும் பார்க்கிறோம்: 180இல் வருடக்கணக்காக நடமாடுகிறவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார். அவர் நரம்பும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

*

எனக்கு உறுத்துகிற இடம் வேறு. சுழலும் பம்புக்கு ஒரு பலவீனம் உண்டு: எதிரே அழுத்தம் ஏறினால் அது தள்ளும் அளவு குறையும். சுழற்சி வேகம் மாறாது, ஓட்டம் மட்டும் குறையும். இதையும் நரம்பின் கதையையும் சேர்த்துப் படித்தால் ஒரு சுற்று தெரிகிறது. துடிப்பு குறைவதால் நரம்பு அழுத்தம் போதவில்லை என்று எண்ணிக் குழாய்களை இறுக்குகிறது. இறுக்கியதால் சராசரி அழுத்தம் ஏறுகிறது. ஏறியதால் பம்பின் ஓட்டம் குறைகிறது, கீழறை காலியாவது குறைகிறது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற காரியம், உடம்பைக் காக்க வைத்த பம்புக்கே சுமையாகிறது. உண்மையான நோயாளியிடம் இந்தச் சுற்று இவ்வளவு சுத்தமாக ஓடுகிறதா என்பது வேறு விஷயம். மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து சராசரி அழுத்தம் 90ஐத் தாண்டும்போது கூடுகிறது என்பதால், அந்த எல்லைக்குள் வைத்திருக்க டாக்டர்கள் மருந்துக்கு மேல் மருந்து எழுதுகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் வேறு ஓடிக்கொண்டிருக்கும். கசிந்தால் நிற்பதும் கடினம்.

பம்புக்கு நரம்பு கிடையாது என்பதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. மாடிப்படி ஏறும்போது முகுளம் கட்டளை போடுகிறது. வலது கீழறை கேட்கிறது, மிஞ்சிய இடது கீழறையும் கேட்கிறது. பம்பு கேட்பதில்லை. இன்றைய பம்பை நிமிடத்துக்கு 5,400 சுற்று என்று வைத்திருந்தால் தூக்கத்திலும் 5,400, படியிலும் 5,400. தசைகளில் குழாய்கள் விரிந்து எதிரழுத்தம் குறைவதாலும், இதயம் கொஞ்சம் கூடுதலாகப் பிதுக்குவதாலும் ஓட்டம் ஓரளவு கூடும். அதனால்தான் அவர்களால் படியேறவே முடிகிறது. இரண்டாம் மாடி என்றால் நடுவில் நிற்க வேண்டியிருக்கும்.

*

2011 மார்ச்சில் ஹூஸ்டனில், டெக்சஸ் ஹார்ட் இன்ஸ்டிடியூட்டின் பட் ஃப்ரேசியர், பில்லி கோன் இருவரும் 55 வயது நோயாளி ஒருவரின் இதயத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, இரண்டு சுழலும் பம்புகளைப் பொருத்தினார்கள். அமிலாய்ட் என்ற புரதம் படியும் நோயால் கெட்டுப்போன இதயம். மார்பில் காதை வைத்தால் துடிப்பே இல்லை, ரீங்காரம் மட்டும். அவர் கண்விழித்தார், உட்கார்ந்தார், பேசினார். அந்நோய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டிருந்ததால் ஐந்து வாரத்தில் இறந்தார். பம்புகள் கடைசிவரை ஓடின. துடிப்பில்லாமல் உயிரும் நினைவும் நிற்குமா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. அந்த ஐந்து வாரமும் அவர் முகுளம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

*

ஹார்ட்மேட் 3 இப்போது பரவலாகப் பயன்படுவது. அதன் சுழலி எதையும் தொடாமல் காந்தத்தில் மிதக்கிறது. இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தைச் சட்டென்று 2,000 சுற்று குறைத்து, உடனே 4,000 கூட்டி, பழைய நிலைக்குத் திரும்புகிறது. மொத்தம் அரை நொடிகூட ஆகாது. இதற்குச் செயற்கைத் துடிப்பு என்று பெயர். நோக்கம் நரம்பைச் சமாதானப்படுத்துவது இல்லை. பம்புக்குள் ரத்தம் தேங்கி உறையாமல் அலசிவிடுவது. நிமிடத்துக்கு 30 முறை வரும் இந்தத் துடிப்பு, நோயாளியின் சொந்த இதயம் 80 முறை அடிப்பதோடு எந்த ஒத்திசைவும் இல்லாமல் வருகிறது. சில சமயம் இரண்டும் ஒன்றாக விழும், சில சமயம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பம்பின் வேகத்தை முடிவுசெய்வது எக்கோ அறையில் நடக்கிறது. நோயாளி இடது பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். ஒருவர் திரையில் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மானிட்டரில் வேகத்தை நூறு நூறாக மாற்றுகிறார். கூட்டினால் ஓட்டம் நன்றாயிருக்கிறது, ஆனால் பெருந்தமனி வால்வு திறப்பதே இல்லை; திறக்காத வால்வு நாளடைவில் ஒட்டிக்கொள்ளும், கசியும். குறைத்தால் சில துடிப்புக்கு ஒருமுறை திறக்கிறது, ஆனால் கீழறை வீங்குகிறது. வால்வு அவ்வப்போது திறக்கும் ஒரு வேகத்தில் நிறுத்துவதைப் பலரும் விரும்புகிறார்கள். அந்த வேகத்தில் துடிப்பும் கொஞ்சம் கிடைக்கிறது, கழுத்து நரம்புக்கும் ஒரு பங்கு போய்ச்சேருகிறது. அதை யாரும் திட்டமிட்டுக் கொடுப்பதில்லை. நரம்பின் கருத்தைக் கேட்க வேண்டுமென்றால் காலில் ஊசி செருகித் தேடிக்கொண்டிருக்க வேண்டும், எந்த ஓ.பி.யிலும் அதற்கு நேரம் கிடையாது.